கழற்றிய பெடல்

எர்மெக் இறந்த பிறகு அவனுடைய ஒரு வயது மகள் மீரிம் சரியாகத் தூங்கவில்லை. பிஷ்கெக் நகரில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் அவன் மின்னணு டிரம்மை மெல்ல வாசித்துத்தான் அவளைத் தூங்க வைப்பான். அதே தாளத்தைப் பதிவு செய்து தர, அவன் இசைக்குழுவில் கிட்டார் வாசிக்கும் மக்சாத் ஒரு மதியம் வந்தான்.

டிரம்மைக் கம்ப்யூட்டரோடு இணைத்தான். கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"உங்க வீட்டுக்காரர் மாதிரியே பிடிவாதம் பிடிக்குது, அண்ணி," என்றான் எர்மெக்கின் மனைவி அய்பீகேயிடம்.

கேபிளை மாற்றி வேறு போர்ட்டில் செருகியதும் இணைப்பு கிடைத்தது. அவன் குச்சியால் தட்டத் தட்டத் திரையில் புள்ளிகள் விழுந்தன. அவற்றுக்குக் கீழே, கால் பெடலுக்கான வரிசையிலும் விழுந்தன. ஆனால் கேபிளை மாற்றும்போதே பெடலின் வயரை அவன் கழற்றிப் போட்டிருந்தான்.

"ஏதோ கோளாறு. சரி பண்ணிடறேன்."

அய்பீகே குழந்தையைத் தோளில் சாய்த்தபடி திரையையே பார்த்தாள். "வேணாம் தம்பி. நீ தாளம் தப்புறப்பல்லாம் அந்தக் கீழ் வரிசை நின்னு காத்திருக்கு. நீ வாசி."

மக்சாத் வாசித்தான். மீரிமின் கண்கள் செருகின. அவன் குச்சிகளை மடியில் வைத்த பிறகும் கீழ் வரிசையில் புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. குழந்தை நன்றாக உறங்கிய பிறகுதான் அவை மெல்ல மெல்ல இடைவெளி விட்டு நின்றன.