கமிட் போட்டியா?

"மணி ஒன்பதே முக்கால் ஆயிடுச்சி. பத்து மணிக்கு கிளாஸ். இன்னா தம்பி, இன்னும் முழிச்சிக்கினு உக்காந்திருக்கிற?"

கலைவாணியின் அதட்டலில் ரஞ்சித்துக்கு வேர்த்துக் கொட்டியது. டேட்டாபேஸை இன்ஸ்டால் செய்வதற்குள்ளேயே பாதி உயிர் போயிருந்தது.

"பத்துப் பேரோட விவரத்தை டேபிள்ல ஏத்திட்டேங்க்கா. என் கம்ப்யூட்டர்ல காட்டுது. பக்கத்து கம்ப்யூட்டர்ல அதே டேபிளைத் திறந்தா ஒருத்தரையும் காணோம்."

"கமிட் போட்டியா? அதைப் போடாத வரைக்கும் நீ பண்ணது உனக்கு மட்டும்தான் தெரியும். மத்தவங்களுக்குத் தெரியாது."

போட்டான். பக்கத்துத் திரையில் பத்துப் பேரும் வந்து நின்றார்கள்.

"ஆறு வருஷமா இந்த ரூம்ல நான் பாக்காத தப்பா? பத்து மணிக்கு எல்லார் முன்னாடியும் இதையே பண்ணி வைக்காத. மானம் போயிடும்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவலூர்பேட்டை பஸ்ஸில் இறங்கிய மாணவர்கள் திபுதிபுவென்று உள்ளே நுழைந்தார்கள்.

"குட்மார்னிங் சார்! நீங்கதான் புது சாரா?" என்று ரஞ்சித்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அவன் கலைவாணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அதற்குள் எழுந்து, மூலையில் சாய்த்திருந்த துடைப்பத்தைக் கையில் எடுத்திருந்தாள்.

"ரூம் பெருக்கியாச்சுங்க சார். நீங்க கிளாஸ் ஆரம்பிங்க."