ராட்கோ சம்மதித்தார்

“பிளாமெனையா கட்டிக்கப் போறே? அந்த வீட்டுல ஒவ்வொருத்தனும் பீப்பா மாதிரி இருக்கான். நம்ம நாற்காலி தாங்காது” என்று ஒரு வருடமாக மறுத்துவந்தார் ராட்கோ.

வசந்தம் வந்ததும் அதே ராட்கோ, “நிச்சயதார்த்தத்தை நம்ம முற்றத்துலயே வெச்சுக்கலாம்” என்றார்.

மகள் தேசாவால் நம்ப முடியவில்லை. “அப்பா, முற்றம் பூரா களிமண். எல்லாரும் வழுக்கி விழுவாங்க.”

“மேல்மண்ணை வெட்டி எடுத்துட்டு ஜல்லி கொட்டுறேன். அவங்க சொந்தத்துல ஒருத்தர் விடாம வரணும். அந்தக் குண்டு மாமா ரொம்ப முக்கியம்.”

நிச்சயதார்த்தத்தன்று மத்தளம் முழங்க, எல்லோரும் கைகோத்து வட்டமாக ஹோரோ ஆடினார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ராட்கோ தண்ணீர் தெளித்தார். நடுவில் இன்னொரு வண்டி ஜல்லியைக் கொட்டிப் பரப்பினார்.

“மாமா, அந்த மூலையில யாருமே ஆடலையே” என்று குண்டு மாமாவுக்கு ரக்கியா சாராயத்தை ஊற்றிக்கொடுத்தார்.

“மகளுக்காக மனுஷன் எப்படி இளகிட்டார்” என்று அவர் மனைவி ஸ்தாங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கான்கிரீட் லாரி முற்றத்துக்குள் நுழைந்தது.

“என்னங்க இது?”

“கார் நிறுத்தத் தளம். களிமண்ணுல ஜல்லி இறுகலைன்னா கான்கிரீட் விரிசல் விட்டுடும். இறுக்குற மெஷின் இப்போ கிடைக்காதுன்னுட்டான்.”

தேசாவின் முகம் வாடியது. “அப்போ என் கல்யாணம்?”

ராட்கோ குதிகாலால் ஜல்லியை ஓங்கி மிதித்துப் பார்த்தார். அது அசையவில்லை.

“இப்படி மிதிக்கிற குடும்பத்தை விடுவேனா? சீக்கிரமே நடத்திடலாம். தொழுவத்துக்கும் தளம் போடணும்.”