நீலக் கோடு

“இன்னும் ஏறலை” என்றான் அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வந்தவர் காத்துக்கிட்டிருக்கார். முதல்ல அவர் கண்ணைப் பாருங்க” என்று மனைவி அடிக்குரலில் சொன்னாள்.

மூக்குக் கண்ணாடிக் கடை அவர்களுடையது. அவன் கண் பரிசோதிப்பான், அவள் ஃப்ரேம் எடுத்துக் காட்டுவாள். எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரிடம், “கடைசி வரியைப் படிங்க” என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் போனுக்குள் போய்விட்டான். அவர் படித்து முடித்தார். யாரும் ஒன்றும் சொல்லாததால், தப்போ என்று நினைத்து இன்னொரு தரம் படித்தார்.

போனில் இருந்தது, அப்பா வீட்டு மொட்டைமாடி சோலாரின் கணக்கு. பேனல் தயாரிக்கும் கரண்டுக்கு மஞ்சள் கோடு, வீட்டில் செலவாகும் கரண்டுக்கு நீலக் கோடு. ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடினால் நீலக் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். காலையில் அப்பா டீக்கு எலக்ட்ரிக் கெட்டிலைப் போட்டதும் விருட்டென்று மேலே ஏறி இறங்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு மற்ற வேலை ஓடும்.

இன்று கடை திறந்து இவ்வளவு நேரமாகியும் கோடு படுத்தே கிடந்தது.

“மாமாவுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்களேன்.”

“நான் கூப்பிட்டு எப்ப எடுத்திருக்கார்?”

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு அவன் சொல்லிவிட்டான்: “இனிமே உங்களால தனியா இருக்க முடியாதுப்பா. வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடுங்க.”

“பஸ் நிறைய ஜனங்களைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்த்தவன்டா நான். என்னை எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?” என்றார் அப்பா. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அதற்கு முன்பே மகன் மாட்டிக் கொடுத்த சோலாரை மட்டும், அதன் கணக்கு அவன் போனில் ஓடுகிறது என்று தெரிந்தும், கழற்றச் சொல்லவில்லை.

அவன் கடை வாசலுக்கு வந்து, சோலார் மாட்டிய மெக்கானிக்கைக் கூப்பிட்டான். அவர் அப்பாவின் ஊர்க்காரர்.

“இங்கேயிருந்தே பாக்கறேன் சார். பேனல் அருமையா ஓடுது. வீட்டுலதான் செலவே இல்லை. நல்லதுதானே?”

“நல்லது இல்லைங்க. ஃப்ரிட்ஜ், வீட்டுல ஆள் இருந்தாலும் ஓடும், இல்லேன்னாலும் ஓடும். நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர முடியுமா?”

மெக்கானிக்குக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. “இதோ கிளம்பறேன்” என்றார்.

அவன் உள்ளே வந்தான். லென்ஸ் ஒன்றைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். வாடிக்கையாளர் மனைவியைப் பார்க்க, “சாயங்காலம் வர்றீங்களா சார்? தப்பா நினைச்சுக்காதீங்க” என்று அவள் அவரை அனுப்பிவைத்தாள்.

போன் அடித்தது.

“கதவு பூட்டியிருக்கு சார். இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கிற கதவு, அதனால ஆள் உள்ளே இருக்காரா வெளியே போயிட்டாரான்னு தெரியலை. பெல் அடிச்சேன், பதில் இல்லை. அக்கம்பக்கத்துலயும் எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க.”

“அப்பா நம்பருக்கு அடிச்சுப் பாருங்க.”

அவர் இந்த லைனைக் காத்திருப்பில் வைத்துவிட்டு அடித்துப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கின் குரல் இறங்கியிருந்தது. “போன் உள்ளேதான் அடிக்குது சார். யாரும் எடுக்கலை.”

கடை ஷட்டரை மனைவியே இழுத்துவிட்டாள்.

இருவரும் காரில் கிளம்பினார்கள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவன் ஸ்டியரிங்கில் விரல்களால் தட்டிக்கொண்டே இருந்தான். மனைவி போனைத் திறந்து பார்த்துவிட்டு, அவன் கேட்பதற்கு முன்பே இல்லை என்று தலையசைத்தாள். “அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றான் அவன். அவள் அவன் தோளில் கை வைத்தாள்.

வீட்டு வாசலில் மெக்கானிக் நின்றிருந்தார். அவன் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியை எடுத்தான். அது துவாரத்தில் நுழையாமல் கதவிலேயே கீறிக்கொண்டிருந்தது.

“யாருடா அது, என் வீட்டுக் கதவை நோண்டறது?”

மூவரும் திரும்பினார்கள். கேட்டைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கையில் ஒரு அட்டைப்பெட்டி.

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “எங்கேப்பா போனீங்க? போனை ஏன் விட்டுட்டுப் போனீங்க?”

“அவசரத்துல மறந்துட்டேன். காலையில கெட்டில் புகைஞ்சு போச்சு. கடை கடையா ஏறி இறங்கறேன், ஒருத்தனும் சீக்கிரம் திறக்க மாட்டேங்கறான்.” அப்பா பெட்டியை மருமகளிடம் நீட்டினார். “இதை உடனே சொருகும்மா.”

“ஒரு டீக்காகவா மாமா இந்த வெயில்ல இவ்வளவு அலைச்சல்? கேஸ் அடுப்புல போட்டிருக்கலாமே.”

“டீயா? வயித்துப் புண்ணுக்கு டாக்டர் அதை நிறுத்திப் பல மாசமாச்சு. வெறும் தண்ணியைத்தான் கொதிக்க வெச்சு, ஆறினதும் செடிக்கு ஊத்திட்டிருக்கேன்” என்ற அப்பா, படியில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். “காலையில கோடு ஏறலேன்னா இவனுக்குக் கடையில உட்கார முடியாதே.”