பத்தாத பவர்

செகண்ட்ஹேண்டில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டை என் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டிவிட்டேன். “பெட்டியோட வந்த பவர் சப்ளை இதுக்குப் பத்தாது. எரிஞ்சா என்னைக் கேக்காதம்மா,” என்று விற்றவன் சொல்லியிருந்தான். அதையும் மாற்ற எனக்கு வக்கில்லை. இன்று மாலைக்குள் அனிமேஷன் வீடியோவை அனுப்பாவிட்டால் வேலையும் இல்லை. பவர் பத்தாது என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் எழுந்துபோய் ஃபேனை அணைத்தாள். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள். டிவியையும் நிறுத்தினாள்.

“ஏய் அஞ்சலை, மேட்ச் ஓடுதுடி!” என்று அப்பா கத்தினார்.

“புள்ளைக்குக் கரன்ட் பத்தலையாம். செத்த நேரம் சும்மா கெடய்யா.”

அது அந்தக் கரன்ட் இல்லை என்று கத்த வாயெடுத்தவள், கம்ப்யூட்டர் பட்டன்மேல் விரலை வைத்தேன். அம்மா தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டாள்.