துண்டுக்கு வெளியே

துண்டு அசைந்தது.

அதன் அடியில் தரகர் சென்னியப்பனின் கையும், லாரியோடு வந்திருந்த வியாபாரியின் கையும் கோத்திருந்தன. அவளுடைய மாட்டுக்குத்தான் விலை பேசினார்கள். வாயால் அல்ல. மாட்டுச் சந்தையில் விலையை விரல்தான் பேசும். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாதாம்.

சரி, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிய வேண்டாம். மாட்டுக்காரிக்குமா தெரியக்கூடாது?

அவள் தள்ளி நின்றாள். தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

விரலுக்குப் பத்தாயிரம். ஐந்து விரல் வந்தால் கிணற்றுக்குப் புது மோட்டார் வாங்கலாம். நாலு என்றால் மோட்டார் கிடையாது. மாடும் போய், தண்ணீரில்லாமல் வெங்காயமும் போய்விடும். இப்போதே வெங்காயத்தாள் நுனியெல்லாம் மஞ்சள்.

விரல் பேச்சு தெரியாதவள் இல்லை அவள். காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கும் கணவன், போர்வைக்குள் கையை விட்டுச் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பினான். உன் விரலில் எத்தனையைப் பிடிக்கிறானோ அத்தனை. போதாதென்றால் இன்னொரு விரலை நீயே கொடு. அவளும் தப்பில்லாமல் செய்து காட்டினாள். இரண்டு பேரும் சிரித்துக்கூடக் கொண்டார்கள்.

சந்தையில் ஒரு பெண்பிள்ளையின் கையை எவன் பிடிப்பான் என்பது அந்த இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. என்ன ஜென்மங்களோ!

இரண்டாம் ஈத்து மாடு. காலையும் மாலையும் கேனை நிறைக்கிற மாடு. பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள். மடியை அழுத்திப் பார்த்தார்கள். நடக்கவிட்டுப் பார்த்தார்கள். கடைசியில் முதுகில் ஆகாத சுழி ஒன்று இருக்கிறது என்றார்கள். இத்தனை நாள் தடவிக் கொடுத்தவள் கண்ணில் படாத சுழி.

வந்ததுமே சென்னியப்பன் கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அதோடு சரி. ஒரு தரகர் தொட்ட மாட்டை இன்னொரு தரகர் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். அவளும் போய்க் கேட்டுப் பார்த்துவிட்டாள். சென்னியப்பன் பெயரைச் சொல்லி ஒவ்வொருவராக நழுவினார்கள். வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போகலாம் என்றால், எரிந்த மோட்டார் அங்கேயேதான் கிடக்கிறது.

துண்டு நின்றது.

"மூணுக்கு மேல ஏறமாட்டேங்கறாரு அம்மிணி. நானும் எத்தன நேரமாப் போராடறேன், பாத்துட்டுத்தான இருக்கறே?"

பார்த்தாள். துண்டைத்தான் பார்த்தாள்.

அது மறுபடி அசையத் தொடங்கியது.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆத்திரமும் பற்றிக்கொண்டு வந்தது. எது கூடுதல் என்று யோசிக்காமல், நேரே போய்த் துண்டுக்குள் கையை விட்டாள்.

உள்ளே விலையே இல்லை.

இரண்டு கைகளும் சும்மா கிடந்தன. ஒரு விரலும் மடங்கவில்லை, நீளவில்லை. மணிக்கட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, துண்டு அசைய வேண்டுமே என்று. பேச வேண்டியதை இவர்கள் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள்.

"அட, என்ன அம்மிணி பண்றே!"

சூடு பட்டதுபோல் சென்னியப்பன் கையை உருவிக்கொண்டார். உள்ளே மிஞ்சியது அவள் கையும் வியாபாரியின் கையும்.

சந்தை பார்த்தது. டீக்கடைப் பக்கம் யாரோ கனைத்தார்கள். ஒருவன் சத்தமாகவே சிரித்தான். அவள் வீடு போய்ச் சேருமுன் இந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். கட்டிலில் கிடப்பவன் சிரிப்பானா, முகத்தைத் திருப்பிக்கொள்வானா? அவளுக்கே தெரியவில்லை. கையை எடுத்துவிடலாமா என்றிருந்தது.

எடுத்தால் மூணு.

வியாபாரி கையை இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை. பலமாக இழுத்தால் துண்டு விழும். இத்தனை பேர் முன்னால், அடுத்தவன் பெண்டாட்டி கையைப் பிடித்தபடி நிற்க வேண்டும். அவருக்கும் அது புரிந்தது.

"வெல சொல்லுங்க" என்றாள்.

அவர் துண்டைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் மும்முரமாக மாட்டுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு விரல் பிடிபட்டது.

பிறகு இன்னொன்று.

மூன்று.

அங்கேயே நின்றது. அவள் அசையவில்லை. வேர்வை அவள் கையினுடையதா அவர் கையினுடையதா என்று சொல்ல முடியவில்லை.

வெகுநேரம் கழித்து நாலாவது.

இனி இல்லை என்பதுபோல் அவர் பிடியை இறுக்கினார்.

அவள் தன் கட்டைவிரலையும் அந்தப் பிடிக்குள் திணித்தாள்.