இடது கை

"அஞ்சே கால். நான் மாடெல்லாம் கறந்துட்டு வந்துட்டேன். நீ இன்னும் ஷூ மாட்டிக்கிட்டிருக்கே."

கிரேடி நாடாவை இறுக்கினான்.

களஞ்சியத்தின் மாடியில் வைக்கோல் கட்டுகளைச் சுவரோரம் தள்ளி இடம் பண்ணியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் பாஸ்கெட்பால் பலகையும் வளையமும். வலை எப்போதோ இற்று விழுந்துவிட்டது. கீழே மாடுகள் தீவனம் மென்றுகொண்டிருந்தன.

டால்டன் ரப்பர் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தை எடுத்தான். அவன் மேல் பால் வாடை அடித்தது.

"இடது பக்கமா ஓடி வா. இடது கையால போடு."

கிரேடி ஓடி வந்தான். போட்டான். பந்து வளையத்தின் அடியில் மோதித் திரும்பியது.

"எங்க கன்னுக்குட்டி இதைவிட நல்லாப் போடும்."

"அப்ப அதைக் காலேஜுக்கு அனுப்பு."

"அனுப்பியிருப்பேன். கணக்குல ஃபெயில். மறுபடி வா."

ஜூன் மாதத்திலிருந்து இப்படித்தான். நாளை காலை கிரேடியின் அப்பா அவனைக் காரில் கல்லூரிக்கு அழைத்துப் போகிறார். படிப்பு, சாப்பாடு, அறை எல்லாவற்றையும் கல்லூரியே ஏற்கிறது. பதிலுக்கு அவன் பாஸ்கெட்பால் ஆட வேண்டும். அவன் ஆட்டம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

டால்டனைத் தேடி எந்தக் கல்லூரியும் வரவில்லை. வந்திருந்தாலும் அவன் போயிருக்க முடியாது. வசந்தத்தில் அவன் அப்பாவுக்குத் தோளில் அடிபட்டு வேலை செய்ய முடியாமல் போய்விட்டது. இப்போது பண்ணை முழுக்க அவன் தலையில்.

"வளையத்தைப் பார்க்காதே. பலகையில சதுரம் இருக்கில்ல, அதோட மூலையைப் பாரு. கடைசி அடி வலது கால்."

மறுபடி ஓடினான். பந்து பலகையில் பட்டு வெளியே போனது. கிரேடி தலைமுடியில் வழிந்த வியர்வையை வழித்து உதறினான்.

"முடி நல்லா வளர்ந்துடுச்சே," என்றான் டால்டன். "உங்கம்மாவுக்கு இன்னும் என்மேல கோபமா?"

மார்ச்சில் மாவட்டப் போட்டிக்கு முன்னால் அவர்களுடைய பள்ளி அணி முழுக்க மொட்டை போட்டுக்கொண்டது. டால்டனின் யோசனை அது.

"போட்டோவைப் பார்க்கறப்பல்லாம் திட்டறாங்க. பெத்தவளுக்கே எது தன் பிள்ளைன்னு தெரியலையாம்."

டால்டன் சிரித்தான். கிரேடி சிரிக்கவில்லை.

"நேத்து காலேஜ் கோச் போன் பண்ணினாரு," என்றான்.

"என்னவாம்?"

"டீம் பசங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காராம். இண்டியானாவிலேர்ந்து ஒருத்தன் வர்றான், அவன் இடது கையைப் பாருங்கன்னு. திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டணுமாம்."

"அப்ப வா. மறுபடி."

போட்டான். விழவில்லை. மறுபடி போட்டான். ஒன்று விழுந்தது; அது தற்செயல் என்று இருவருக்கும் தெரிந்தது. கிரேடி ஒரு வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு வராதுடா."

"வரும். எழுந்திரு."

"வராது. நான் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடப் போறேன்."

டால்டன் பந்தைத் தட்டுவதை நிறுத்தினான்.

"பைத்தியமா உனக்கு?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மார்ச்லேர்ந்து சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன்."

"சொல்லு."

கிரேடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"மாவட்டப் போட்டி அன்னிக்குப் பனி கொட்டுச்சில்ல. அந்தக் கோச் வழியில மாட்டிக்கிட்டாரு. அவர் வந்து உக்காந்தப்ப ஆட்டத்துல கடைசி எட்டு நிமிஷம்தான் பாக்கி. அது மட்டும்தான் பார்த்தாரு. வெளியே போறப்ப, பதினாலாம் நம்பர் பையன் பேரு என்னன்னு கேட்டிருக்காரு."

"யார்கிட்ட?"

"வாசல்ல டிக்கெட் கிழிக்கிற ஹார்லன்கிட்ட. அவரு உள்ளே எட்டிக்கூடப் பார்க்கல. இதென்ன கேள்வி, ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே, கிரேடின்னுட்டாரு."

"சரியாத்தானே சொல்லியிருக்காரு? பதினாலு உன் நம்பர்தானே?"

"காலேஜ்லேர்ந்து போன் வந்தப்ப எங்கம்மா அழுதுட்டாங்க. அப்பா தெருவுல போறவனையெல்லாம் கூப்பிட்டுக் கை குடுத்தாரு. அதுக்கப்புறம் என்னால வாயைத் திறக்க முடியல." கிரேடி நிமிர்ந்தான். "டால்டன், அந்த எட்டு நிமிஷம் நான் ஆடவே இல்லடா."

டால்டன் அவனுக்கு எதிரே ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தான். பந்தை உள்ளங்கையில் உருட்டினான்.

"தெரியும். ஹார்லன் ஏப்ரல்லயே பெருமையா என்கிட்ட சொன்னாரு."

"தெரிஞ்சுமா தினமும் வந்து எனக்குச் சொல்லிக் குடுத்தே?"

"நீ அஞ்சாவது ஃபவுல் வாங்கி ஆட்டத்தை விட்டே வெளியேறி பெஞ்சுல உக்காந்திருந்தே. எனக்கு மூக்கு உடைஞ்சு பனியனெல்லாம் ரத்தம். ரத்தத்தோட ஆட விடமாட்டேன்னு நடுவர் நின்னுட்டாரு. நீதான் உன் பதினாலாம் நம்பர் பனியனைக் கழட்டி எனக்குப் போட்டு விட்டே."

அவன் பந்தைக் கிரேடியின் மடியில் வைத்தான்.

"அவங்க அங்க காத்துக்கிட்டிருக்கறது என் இடது கைக்குடா. என்னாலதான் போக முடியாது. அதையாவது நீ கூட்டிட்டுப் போவியா, மாட்டியா?"