குசுமாவதியின் அட்டை

எதிரே அமர்ந்திருந்த குசுமாவதிக்கு மார்புப் புற்றுநோயை விளக்க, டாக்டர் பரமநாதன் தனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். சிங்களவர்-தமிழர் சண்டை நடக்கிற காலம். ஆஸ்பத்திரியில் தமிழே பேசுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தார்.

“பழுதான உயிர்க்கலத்துக்குச் சாகச் சொல்லி உடம்பே உத்தரவு போடும். உங்கள் கட்டியில் ஒரு புரதம் அந்தக் கலங்களைச் சாகவிடாமல் காக்கிறது,” என்றார் தட்டுத்தடுமாறி.

“அதற்கு மருந்து இருக்கிறதா?” அவளுடைய சிங்களத்தில் ஒரு தடங்கலும் இல்லை.

“இந்த மாத்திரை அந்தப் புரதத்தைக் குறைக்கும். பிறகு கலங்கள்...” மேலே சிங்களம் வரவில்லை. நெற்றியைத் தேய்த்தார். “சே, தாங்களாவே சாகும் எண்டதை எப்பிடிச் சொல்லுறது?” என்று தமிழில் முணுமுணுத்தார்.

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். தாதி வெளியே போயிருந்தாள்.

“தமிழ்லயே சொல்லுங்க ஐயா,” என்றாள் மெதுவாக. “ஹந்தானை தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவதான் நானு. பேரு ரத்தினம்மா.”

பரமநாதனுக்கு வெட்கத்தோடு சிரிப்பும் வந்தது. பேனாவை எடுத்தார். “அப்ப அட்டையில பேரை மாத்தி எழுதட்டே, அம்மா?”

“வேணாங்க. எண்பத்துமூணு கலவரத்துல தமிழாளுங்களத் தேடி வந்தவங்க வாசல்ல நின்னு என் பேரக் கேட்டாங்க. ‘இது என் தங்கச்சி குசுமாவதி’ன்னு பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா சொன்னாங்க. அன்னைக்கு என்னைச் சாகவிடாம காத்த பேருங்க அது. கட்டி மட்டும் போகட்டும் ஐயா, பேரு இருக்கட்டும்.”